ஏவி ரிசீவர் வாங்கப் போகிறீர்களா? வாட்ஸை கடைசியில் பாருங்கள்

வீட்டுக்கு ஒரு ஏவி ரிசீவர், அதாவது டிவி, செட் டாப் பாக்ஸ் போன்றவற்றின் ஒலியை வாங்கிப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, வாங்கலாம் என்று யார் என்னிடம் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது கேள்வி "எத்தனை வாட்ஸ் இருந்தால் போதும்?" என்பதாகத்தான் இருக்கிறது. கடையிலும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள், பெட்டியிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் பலர் ஆறு மாதம் கழித்து "சத்தம் நல்லா இருக்கு, ஆனா டயலாக்தான் புரியல" என்று வந்து நிற்கிறார்கள். பட்ஜெட் சின்னதாக இருக்கும்போது எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது முக்கியம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யமஹா ஆர்எக்ஸ்-வி385 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். 5.1 சேனல் (முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பின்பக்கம் இரண்டு சரவுண்ட், கனத்த ஒலியான பேஸுக்கு ஒரு சப் ஊஃபர்), அந்த நிறுவனத்தின் ஆரம்ப நிலை ரிசீவர்களில் ஒன்று. இந்த ஒரே கருவிக்கு அவர்களே மூன்று எண்கள் தருகிறார்கள்: 70, 100, 135. மூன்றுமே உண்மைதான், அளந்த விதம்தான் வேறு. 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழு வீச்சிலும், இரண்டு சேனல் சேர்ந்து ஓடும்போது, ஒலிச் சிதைவு 0.09 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அளந்தால் 70 வாட்ஸ். ஒரே சேனலை மட்டும் ஓட்டி, 1,000 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு விசில் சத்தத்தைக் கொடுத்து, சிதைவு 0.9 சதவீதம் வரை போகலாம் என்றால் 100. சிதைவு 10 சதவீதம் ஆனாலும் சரி என்று விட்டுவிட்டால் 135. அந்தப் பத்து சதவீதத்தில் பாட்டுக் கேட்டால் கரகரவென்று இருக்கும், யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆக, ஒரு பெட்டியில் 70 என்றும் பக்கத்துப் பெட்டியில் 145 என்றும் போட்டிருந்தால் இரண்டாவது இரு மடங்கு பலசாலி என்று அர்த்தம் இல்லை. அடியில் சின்ன எழுத்தில் எத்தனை சேனல், எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), எவ்வளவு சிதைவு என்று இருக்கும். அதைப் படித்தால்தான் ஒப்பிடவே முடியும்.

இன்னொன்று, 70-க்கும் 100-க்கும் காதில் விழும் வித்தியாசம் ஒன்றரை டெசிபெல்தான். வால்யூம் குமிழை லேசாகத் தொட்டால் வரும் வித்தியாசம் அது. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும், அதாவது 70-ஐ விட்டு 700-க்குப் போக வேண்டும். 88 டெசிபெல் சென்சிடிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் கேட்கும் சத்தம்) உள்ள சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்துப் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 80 டெசிபெல் கேட்கும். வீட்டு ஹாலில் அதுவே நல்ல சத்தம். பத்து வாட்ஸ் கொடுத்தால் 90, பக்கத்து வீட்டில் கதவைத் தட்டுவார்கள். படத்தில் எப்போதாவது வரும் வெடிச் சத்தத்துக்குக் கையிருப்பு வேண்டும்தான், அதற்கு முழு வீச்சில் அளந்த 70 வாட்ஸ் 12-க்கு 16 அடி ஹாலில் தாராளம். அதனால் வாட்ஸைக் கூட்டுவதைவிட 85 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 88 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்குவது லாபம். அந்த மூன்று டெசிபெல், ரிசீவரின் வாட்ஸை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

பெட்டியில் வாட்ஸுக்குப் பக்கத்தில் போடும் பிஎம்பிஓ (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) பற்றியும் சொல்லிவிட வேண்டும், இன்னும் அந்த எழுத்துகளைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். 5,000 வாட்ஸ், 10,000 வாட்ஸ் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் செட்டின் பின்பக்கத்தில் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 2 ஆம்பியர் என்று இருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் அது சுவரிலிருந்து தொடர்ந்து இழுக்கக்கூடியதே 460 வாட்ஸ்தான். உள்ளே போனதைவிட வெளியே அதிகம் வராது. அதிலும் ஒரு பெரும் பங்கு வெப்பமாகப் போய்விடும். பிஎம்பிஓ என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை எதுவும் கிடையாது, போடுகிறவர் இஷ்டம்.

சரி, வாட்ஸ் இல்லையென்றால் ரிசீவர் எதற்கு?

நம் பக்கம் ஹோம் தியேட்டர் என்றால் ஐந்து குட்டி ஸ்பீக்கர், ஒரு ஊஃபர், நடுவில் டிவிடி பிளேயர் என்று ஒரு காலத்தில் வந்த செட்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த டிவிடி செட்டுக்குள்ளேயே, சுருக்கி வரும் ஒலியைச் சேனல் சேனலாகப் பிரிக்கும் டிகோடர் இருந்தது, அதனால் டிஸ்க் போட்டால் பின்னால் ஹெலிகாப்டர் சுற்றியது. அதற்கப்புறம் அதே உருவத்தில் ப்ளூடூத், யூஎஸ்பி, எஃப்எம் என்று மலிவாக வந்த பல மல்டிமீடியா 5.1 செட்டுகளில் டிகோடரே கிடையாது. டிவியிலிருந்து சிவப்பு, வெள்ளை ஒயர் இரண்டு போகும். அதில் வருவது இடது, வலது என்ற இரண்டே சேனல். செட் என்ன செய்யும், முன்னால் போவதையே பின்னாலும் அனுப்பும், இரண்டையும் கூட்டி நடுவில் ஒன்று போடும். ஆறு ஸ்பீக்கரும் பாடும், ஆனால் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் பின்னால் வைத்த மழை பின்னால் பெய்யாது. ஓடிடி தளங்களில் இன்று எத்தனையோ தமிழ்ப் படங்கள் 5.1-ல் கிடைக்கின்றன. மாதச் சந்தா கட்டி அந்த ஆறு சேனலையும் இரண்டாகச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ரிசீவரின் முதல் வேலை இதுதான்: டால்பி, டிடிஎஸ் என்று பொட்டலமாகக் கட்டி வருவதைப் பிரித்து, எந்த சேனல் எந்த ஸ்பீக்கருக்கோ அங்கே சேர்ப்பது.

அந்தப் பொட்டலம் ரிசீவருக்கு எந்த வழியாக வருகிறது என்பதில்தான் வாங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் ஸ்மார்ட் டிவிக்குள்ளேயே ஓடும்போது ஒலி டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். அதற்குத்தான் எச்டிஎம்ஐயில் ஏஆர்சி (ஆடியோ ரிட்டர்ன் சேனல்). 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. படம் போகும் அதே கேபிளில் ஒலி எதிர்த்திசையில் வரும். டால்பி டிஜிட்டலும், ஓடிடி தளங்கள் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸும் இதில் போகும். பழைய ஆப்டிகல் கேபிளில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரை போகும், டிஜிட்டல் பிளஸ் போகாது. பல டிவிகள் அதை டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பிச் சமாளிக்கும். ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி என்பது 2017-ல் வந்த எச்டிஎம்ஐ 2.1-ன் பகுதி. ப்ளூரேயில் இருக்கும் சுருக்கம் இல்லாத ஒலியையும் அது கடத்தும். ஓடிடி மட்டும் பார்க்கிற வீட்டுக்கு சாதாரண ஏஆர்சி போதும், இஏஆர்சி இல்லை என்பதற்காக நல்ல விலைக்கு வரும் மாடலைத் தள்ள வேண்டாம். டிவியில் ஏஆர்சி என்று எழுதிய துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும், டிவியின் சவுண்ட் மெனுவில் பிசிஎம் (டிவியே பிரித்து இரண்டு சேனலாக அனுப்புவது) என்று இருப்பதை பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ (பொட்டலத்தைப் பிரிக்காமல் அனுப்புவது) என்று மாற்ற வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் வருஷக்கணக்காக ஸ்டீரியோவையே கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. ரிசீவரின் முன்பக்க டிஸ்ப்ளேயில் டால்பி என்று விழுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பென் டிரைவிலும் ஹார்ட் டிஸ்கிலும் படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ் ஒலியை ஆதரிப்பதை நிறுத்தியது, எல்ஜி 2020 மாடல்களில் நிறுத்திவிட்டு 2023-ல் திரும்பக் கொண்டுவந்து, 2025 மாடல்களில் மறுபடியும் நிறுத்தியது. இப்படிப்பட்ட டிவியில் டிடிஎஸ் ஒலியுள்ள படத்தைப் போட்டால் படம் ஓடும், சத்தம் வராது. ரிசீவரில் கோளாறு என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்குப் போக வேண்டாம். டிடிஎஸ் ஒலியைப் பிரிக்காமல் அப்படியே வெளியே அனுப்பத் தெரிந்த மீடியா பிளேயர் ஒன்றை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐயில் செருகினால் தீர்ந்தது. ரிசீவரில் எத்தனை எச்டிஎம்ஐ உள்ளே போகிறது என்று எண்ணச் சொல்வது இதனால்தான். செட் டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், கேம் கன்சோல், நாளைக்கு வரப்போகும் ஏதோ ஒன்று, ஆக நான்கு இருந்தால் நிம்மதி. 4கேயில் நொடிக்கு 120 ஃபிரேம் கேம் ஆடுகிறவர்கள் அதற்காக விலை கூடிய ரிசீவர் வாங்க வேண்டியதில்லை. கன்சோலை நேராக டிவியில் செருகிவிட்டு ஒலியை மட்டும் ஏஆர்சி வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது டயலாக் விஷயம். என்னைக் கேட்டால் ரிசீவர் வாங்கச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

5.1-ல் வசனத்தில் பெரும்பகுதி சென்டர் சேனலில் தனியாக இருக்கிறது. டிவி அதை இரண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கும்போது வசனமும் பின்னணி இசையும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அதனால்தான் வசனம் வரும்போது ரிமோட்டை எடுத்துக் கூட்டுகிறோம், சண்டைக் காட்சி வந்ததும் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுக்க, அவசரமாகக் குறைக்கிறோம். ரிசீவர் வந்துவிட்டால் சென்டரை மட்டும் இரண்டு, மூன்று டெசிபெல் ஏற்றி வைத்துக்கொள்ளலாம், மற்றவை அப்படியே இருக்கும். இரவில் எல்லோரும் தூங்கும்போது பெரிய சத்தத்தையும் சின்னச் சத்தத்தையும் பக்கத்தில் கொண்டுவரும் வசதியும் பெரும்பாலான ரிசீவர்களில் இருக்கிறது, நைட் மோட் என்றோ டைனமிக் ரேஞ்ச் என்றோ மெனுவில் இருக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த இரண்டும் போதும், செலவழித்த பணம் வீண் இல்லை என்று அவர்களே சொல்வார்கள்.

அடுத்தது, கூடவே வரும் குட்டி மைக். யமஹாவில் அதை ஒய்பாவோ என்பார்கள், டெனானில் ஆடிசி, சோனியில் டிசிஏசி, ஆன்கியோவில் அக்யூஈக்யூ. பெயர் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் மைக்கை வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒரு சத்தத்தை அனுப்பி, அது எத்தனை அடி தள்ளி இருக்கிறது, எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது, அறை எந்த ஒலியை ஊதிப் பெரிதாக்குகிறது என்று அளந்துகொள்ளும். ஒலி ஓரடி போக ஏறத்தாழ ஒரு மில்லி செகண்ட் ஆகிறது. வலது சரவுண்ட் சோபாவை ஒட்டியும் இடது சரவுண்ட் எட்டடி தள்ளியும் இருக்கிற ஹால்தானே நம்முடையது, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சமையலறைக்குப் போகும் வழி. பக்கத்தில் இருப்பதைச் சற்றே தாமதப்படுத்தி, சத்தத்தைச் சமப்படுத்தி, இரண்டையும் ஒன்றாக்கி உங்கள் காதுக்குக் கொண்டுவருவது இந்த அளவீடுதான். அறையின் வடிவம் கோணலாக இருக்கிற வீட்டுக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது. ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, தெருவில் வண்டிச் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, மைக்கைக் கையில் பிடிக்காமல் ஒரு ஸ்டாண்டிலோ அடுக்கிய புத்தகத்தின் மேலோ வைத்துச் செய்யுங்கள். விலையைக் குறைப்பதற்காக மைக் இல்லாமல் வரும் மாடல்களும் இருக்கின்றன. இரண்டாயிரம், மூவாயிரம் வித்தியாசம் என்றால் மைக் உள்ளதையே எடுக்கச் சொல்வேன்.

அளந்து முடித்ததும் மெனுவில் ஒரு விஷயத்தை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும். சில ரிசீவர்கள் முன் ஸ்பீக்கர்களை லார்ஜ் (முழு பேஸையும் தாங்கும்) என்று எழுதி வைத்துக்கொள்ளும். உங்களுடையது ஐந்து அங்குல ஊஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் என்றால் அதை ஸ்மால் என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். குட்டி சாட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 120 வரை போகலாம். அதற்குக் கீழே உள்ள பேஸ் மொத்தமும் சப் ஊஃபருக்குப் போய்விடும். சின்ன ஸ்பீக்கர் தன்னால் முடியாததைச் செய்து திணறாது, ரிசீவருக்கும் சுமை குறையும். 70 வாட்ஸ் போதும் என்று முன்னால் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், வாட்ஸைக் குடிப்பது பேஸ்தான், அந்த வேலையைத் தனக்கென்று ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்திருக்கும் சப் ஊஃபர் எடுத்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் ரிச்சி ஸ்ட்ரீட் ஆட்கள் பற்றிப் பேசாமல் போனால் நியாயம் இல்லை. சென்னை மவுண்ட் ரோடு பக்கத்தில் அந்தத் தெருவிலும், அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் போர்டு, ட்ரான்ஸ்ஃபார்மர், கேபினெட் எல்லாம் தனித்தனியாக வாங்கி ஆம்ப் கட்டுவது இங்கே பெரிய கைத்தொழில். 4440 ஐசியில் ஆரம்பித்து 5200, 1943 ட்ரான்சிஸ்டர் ஜோடி வரை ஆளுக்கொரு கட்சி உண்டு. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். நல்ல கை ஒன்று கட்டிய ஆம்ப், பழுதானால் தெருமுனையிலேயே சரியாகும், இருபது வருஷம் ஓடும். பாட்டுக்கும் விசேஷ வீட்டுக்கும் அதற்கு ஈடு இல்லை. 12,000 ரூபாய்க்குள்தான் முடியும் என்றால், அப்படிக் கட்டிய ஆம்புக்கு முன்னால் ஆப்டிகல் உள்ள 5.1 டிகோடர் பெட்டி ஒன்றை வைத்து ஆறு சேனலையும் தனித்தனியாக எடுக்கலாம், உண்மையான 5.1 கேட்கலாம். ஆனால் தூரத்துக்கு ஏற்ற தாமதம், கிராஸ்ஓவர், சென்டரைத் தனியாக ஏற்றுவது போன்றவை அந்த மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அரைகுறையாக இருக்கும். அங்கேயும் வாட்ஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் இரண்டு 24-உம் சேர்ந்த 48-ஐ 5-ஆல் பெருக்கினால் மொத்தமே 240 விஏ, அதாவது அதிகபட்சம் அவ்வளவு வாட்ஸ். ஐந்து சேனலுக்கும் சேர்த்து அதுதான் எல்லை, போர்டில் என்ன எண் அச்சடித்திருந்தாலும்.

7.2 (ஏழு ஸ்பீக்கர், இரண்டு சப் ஊஃபர்), அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் முறை) என்று கடையில் இழுப்பார்கள். கூரையில் அல்லது சுவரின் உச்சியில் இரண்டு ஸ்பீக்கர் மாட்ட வீட்டில் சம்மதம் இருக்கிறதா? சொந்த வீடா, வாடகையா? வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியிருக்கும்போது அட்மாஸுக்குக் கூடுதலாகப் பத்து, பதினைந்தாயிரம் கொடுப்பது எதற்கு? அட்மாஸ் என்று போட்டிருக்கும் ஓடிடி படத்தை 5.1 ரிசீவரில் போட்டாலும் ஓடும், மேலே போக வேண்டிய ஒலி இந்த ஐந்து ஸ்பீக்கரிலேயே கலந்து வந்துவிடும். எதுவும் காணாமல் போகாது.

பணத்தைப் பிரிப்பதைப் பொறுத்தவரை என் கணக்கு இது. கையில் 70,000 ரூபாய் இருந்தால் ரிசீவருக்கு 30,000 பக்கம்தான். மீதியை சென்டருக்கும் முன் இரண்டுக்கும் சப் ஊஃபருக்கும் போடுங்கள், சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாதவர்கள் ரிசீவரும் இரண்டு நல்ல ஸ்பீக்கரும் மட்டும் இப்போது வாங்கி, பொங்கலுக்கு சென்டர், தீபாவளிக்கு சப் ஊஃபர் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரில் பெரும்பாலும் இல்லாத வசதி இது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக வாங்கி, ஒன்று கெட்டால் எல்லாம் போச்சு என்று ஆகாது. பழைய டிவிடி ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களைப் புது ரிசீவரில் மாட்டலாமா என்று கேட்பார்கள். ஸ்பீக்கரின் பின்னால் 3 ஓம் அல்லது 4 ஓம் என்று இருந்தால் வேண்டாம். இந்த விலையில் வரும் ரிசீவர்களில் பெரும்பாலானவை 6 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கருக்குச் செய்தவை, சத்தத்தைக் கூட்டினால் சூடாகி தானே அணைந்துவிடும், இல்லையென்றால் சேதம்.

அமெரிக்காவிலிருந்து மாமா வருகிறார், அங்கே விலை குறைவு, ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா? அங்கே 120 வோல்ட். இங்கே நேராகச் செருகினால் அந்த நிமிஷமே போய்விடும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும், இங்கே வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது. சிங்கப்பூர், துபாய் என்றால் வோல்டேஜ் பிரச்சினை இல்லை, பிளக் முனையும் வாரண்டியும்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு ரிசீவரை ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள் அடைக்காதீர்கள். மேலே அரையடி காலியாக விடுங்கள், அதன் மேல் செட் டாப் பாக்ஸை வைக்காதீர்கள். சூடான இடத்தைத் தேடிப் பல்லி உள்ளே போகும், போர்டில் ஷார்ட் ஆகும், அதனால் வீணான ஆம்புகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காற்றுப் போகும்படி மெல்லிய நைலான் கொசுவலையை ஷெல்ஃபின் வாசலில் கட்டலாம், ரிசீவரின் மூச்சுத் துளைகளின் மேலேயே ஒட்டக் கூடாது. இடி, மின்னல் சமயத்தில் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் வழியாக செட் டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவரின் போர்டு வரை அந்த அதிர்ச்சி வந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு ஐப்பசி மழையில் இரண்டு எச்டிஎம்ஐ துளை அப்படித்தான் போயின. டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும் எண்ணம் இருந்தால் பழைய மாடல் என்று தயங்க வேண்டாம், 4கே போகாத ரிசீவரைக்கூட டிவியிலிருந்து ஆப்டிகலில் ஒலி எடுத்து நன்றாகப் பயன்படுத்தலாம். விற்கிறவர் வீட்டுக்கே போய், ஒரு நல்ல ஸ்பீக்கரைக் கையில் எடுத்துப் போய், ஐந்து சேனலிலும் ஒவ்வொன்றாக மாட்டி டெஸ்ட் டோன் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளையிலும் ஏதாவது ஒன்றைச் செருகிப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள், இதமான சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் விட்டுவிடுங்கள். ரிமோட்டும் அந்த மைக்கும் இருக்கின்றனவா என்று கேளுங்கள், மைக்கை எங்கேயோ வைத்துவிட்டோம் என்றால் அதே மாடலுக்கான மைக்கின் விலையைத் தெரிந்துகொண்டு அந்த அளவு குறைத்துப் பேசுங்கள்.